டேவிட் சாய்க்கு வந்த ரசீது

தேவசகாயம் என்ற பெயரை
கோலாலம்பூர் அச்சகத்தில் எவனோ
டேவிட் சாய் என்று அடித்துவிட்டான்.
இசைத்தட்டு அட்டையில் இன்றும் அப்படித்தான்.
ஈப்போவிலிருந்து சாய் வம்சச் சங்கம் ஒன்று
கோயில் கூரைக்கு நன்கொடை கேட்டு எழுதியது.
பத்து வெள்ளி அனுப்பினான்.
சொந்தம் என்று கேட்கிறார்கள், எப்படி மறுப்பது?
சிவப்பு முத்திரையிட்டு ரசீது வந்தது.
கிட்டார் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டான்.

பகலில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன்.
ராத்திரி, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் குடிக்கும் விடுதியில்
நால்வருக்கும் சேர்த்து நாற்பது வெள்ளி, கோழிச்சோறு.
நான் டிரம்ஸ்.
அவன் எனக்கு இடப்பக்கம்,
முகத்தைச் சுவருக்குக் கொடுத்து.

பினாங்குக்குத் திரும்பும் கடைசி ஃபெர்ரியில் ஒரு நாள்
தளத்து இரும்பில் காதை வைத்துப் படுத்துவிட்டான்.
குடித்திருக்கிறான் என்று விலகி நடந்தார்கள்.
மறுநாள் நான்காம் கம்பியைத் தளர்த்தி
அந்த எஞ்சினின் சுருதிக்கு இறக்கினான்.
அதுவும் போதாதென்று
குறடால் பிரெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
பள்ளங்களில் படகுக்குப் பூசும் கீலை ஊற்றினான்.
பதினோரு மாதத் தவணை பாக்கியிருந்த பேஸ் கிட்டார்.

அதன்பிறகு அவன் சுரங்கள் தாவவில்லை,
ஈரத்தரையில் அரிசி மூட்டையை இழுப்பதுபோல் நகர்ந்தன.
முதல் தட்டை நான் அடிப்பேன்; அவன் வரமாட்டான்.
நெஞ்சு பதறும்.
கொஞ்சம் கழித்து,
அவசரமே இல்லாத கடன்காரனைப்போல் வருவான்.
மூன்று வாரம் அவனோடு பேசவில்லை நான்.
நாலாவது வாரம்
என் வலது கால் தானாகக் காத்திருந்தது.

ஒலிப்பதிவில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
"ஊசி துள்ளிடும்பா" என்று
அவன் குமிழை மட்டும் இறக்கினார்.
வானொலிப் பெட்டியின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில்
மிச்சமும் போயிற்று.
நாடே அந்தப் பாட்டைக் கேட்டது,
அவனைத் தவிர்த்து.

தொண்ணூற்றாறு. பெரிய ஆஸ்பத்திரி.
ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு வாரம் மூன்று நாள்.
"கேளு, நம்ம ஃபெர்ரிய விட அரைச் சுருதி கூட."
நான் கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்,
நர்ஸ் நிறுத்தச் சொல்லும்வரை.

போன மாதம் ஜெலுத்தோங் கோப்பிக் கடையில்
காதை முழுசாய் மூடும் ஹெட்போனைக் கழற்றியபடி
ஒரு பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள்.
பெயர் யாழரசி. பேஸ் வாசிக்கிறாளாம்.
"பழைய டேப்பிலேர்ந்து புதுசா எடுத்துப் போட்டிருக்காங்க அங்கிள்.
அடியில ஒருத்தர் தனியா நடக்குறார்.
ஆறு மாசமா கூடவே வாசிச்சுப் பாக்குறேன்,
ஒவ்வொரு தடவையும் நான் முன்னாடியே போய் நிக்கிறேன்."

வாங்கி மாட்டினேன்.
என் தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை.
மேசைக்கடியில் கால் காத்திருந்தது,
ஐம்பது வருஷத்துக்குப் பின்னும் அதே அளவு.
வந்தான்.

கோப்பி ஆறிவிட்டது.
"டேவிட் சாய்னு போட்டிருக்கே, சீனரா அங்கிள்?"
ரசீது இருக்கு என்றேன்.