குறிக்கப்படாத தூரம்

காட்டுக்குள் விடுமுன் பையைத் திறக்கச் சொன்னாள் ஸ்டான்கா,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், என் மகளைவிட இளையவள்.
"தூரம் அளக்கும் கருவி ஏதாவது?"
காரில் இருக்கிறது என்றேன்.
"அங்கேயே இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருடமாக
கோச்செவ்யேப் பக்கத்து நிலங்களை
சென்டிமீட்டர் பிசகாமல் அளப்பவள் நான்.
ஒரு பிளம் மரம் எந்தத் தம்பியின் பக்கம் நிற்கிறது என்று
நீதிமன்றத்தில் சொன்னவள்.
இன்று கையில் வாடகை வில், இருபத்திநாலு பவுண்டு.
ஆறு அம்புகள். இறகெல்லாம் ஆரஞ்சு,
தேடுவதற்கு வசதியாம்.
தொலைந்தால் என்று அவள் சொல்லவில்லை.
தொலையும்போது என்றாள்.

முதல் இலக்கு, நுரை ரப்பர்க் காட்டுப்பன்றி.
ஒரு காது எப்போதோ போய்விட்டது.
பீச் மரங்கள் இரு பக்கமும் நெருங்கி நிற்க
பன்றி ஒரு குகையின் கடைசியில் இருப்பதுபோல் இருந்தது.
இருபத்தைந்து, என்றது கண்.
பன்றியின் தலைக்கு மேலே, நிதானமாக,
ஒரு ஆரஞ்சுக் கோடு போய்
போன வருடச் சருகுக்குள் புகுந்தது.
நாண் முழங்கைக்குக் கீழே ஒரு அறை விட்டது.
அம்பை நொந்து என்ன,
எய்தவள் இதோ நிற்கிறேன்.

"இருட்டு தூரத்தை நீட்டும்," என்றான் திலேன்,
பல்லில் கம்பி போட்ட பையன்,
வாயில் பாதி ஆப்பிளோடு.
"பள்ளம் சுருக்கும்."
இருபத்திரண்டு வருடத்தில்
இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.
முக்காலியில் நிற்கும் கருவிக்கு
இருட்டும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

பிறகு தேடல்.
இந்த விளையாட்டில் பாதி நேரம் முட்டிபோட்டுத்தான்.
சருகுக்கு அடியில் ஈரம், ஈரத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல்,
ஒரு பித்தளைப் பொத்தான்,
யாருடையதோ ஒரு பழைய அம்பு:
இறகை நத்தை தின்றிருந்தது.
என்னுடையது மட்டும் இல்லை.

ஒன்பதாவது இலக்கில்
குழுவின் நான்காவது ஆள் வாய் திறந்தார்.
ஆல்பின். ரொட்டிக்கடை.
மதிப்பெண் அட்டையில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே
"நாற்பது சென்டிமீட்டர், இல்லையா?" என்றார்.
எனக்கு உடனே புரிந்தது, பிளம் மரம்.
தோற்ற தம்பி.
"முப்பத்தெட்டு," என்றேன்.
வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"முப்பத்தெட்டு," என்றார் அவரும்,
எழுதிக்கொள்பவர்போல.
அப்புறம் ஐந்து இலக்கு வரை
பறவைச் சத்தம்கூட எனக்கு அளவுக்கு மீறிக் கேட்டது.

பதினாலாவது, பாறைக்குழிக்கு அடியில் நரி.
நீல முளைக்குப் பின்னால் கால் வைத்தால்
காலுக்குக் கீழே காடு சரிகிறது.
பதினேழா? பத்தொன்பதா?
தூரத்தைப் பாதியாக்கு, பாதியைப் பாதியாக்கு என்றாள் ஸ்டான்கா.
பாதியில் ஒரு பாசி படிந்த கட்டை.
அதன் பாதியில் ஒன்றும் இல்லை, வெறும் காற்று.
இடுப்பை மடக்கினேன், தோளை அல்ல.
விரல் தாடைக்கு வந்தது.
எண் வாயில் வருமுன்
கை விட்டுவிட்டது.

டப்.
நெஞ்சு வளையம் இல்லை. தொடை. ஐந்து மதிப்பெண்.
திலேன் ஆப்பிள் காம்பைத் துப்பிவிட்டுக் கைதட்டினான்.
நான் எதற்கோ தரையைப் பார்த்தேன்.

முதலில் இறங்கியது ஆல்பின்தான்.
ஒரு கையால் நரியின் முதுகை அழுத்தி
மறு கையால் அம்பைத் திருகாமல் நேராக உருவி
நுனியை என் பக்கம் காட்டாமல் நீட்டினார்.
"இந்த வருடம் காய்க்கவில்லை," என்றார்.
"இரண்டு பக்கமும்."

மொத்தம் அறுபத்தொன்று. இரண்டு அம்பு நஷ்டம்.
அட்டையில் இரண்டு கையெழுத்து வேண்டும்,
எய்தவர், எழுதியவர்.
அவருடைய கையெழுத்து எனக்குத் தெரியும்.
ஒரு பத்திரத்தின் அடியில்
மையைக் கிழித்துக்கொண்டு இறங்கிய அதே ஆல்பின்.
இன்று பென்சில்.

காரில் கருவி சூடாகிக் கிடந்தது.
அதை எடுத்துக்கொண்டு குழிவரை போய்வர
இருபது நிமிடம் ஆகும்.
கதவைத் திறந்து வைத்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
நீல முளையை
அடுத்த ஞாயிறுக்குள் இடம் மாற்றிவிடுவார்களாம்.