வலது ஒன்பதரை

வியாழன், சந்தை நாள்.
டர்க்கன் துணிக்கடையின் பின்கட்டில்
நார்தாம்ப்டன் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.
கோல்மன் கில்வாரி உள்ளே வந்தான்,
தொப்பியில் பாதி மழையோடு.

எதிர்ச்சாரியில் அவன் பட்டறை.
மூன்று வருடமாக இந்த ஜன்னலிலிருந்து
அவன் சுத்தியலைக் கேட்டிருக்கிறேன்.
முதல் வருடம் எண்ணி மாளாது.
அடுத்த வருடம் இரண்டு அடிக்கு நடுவே
ஒரு வாய் தேநீர் குடிக்கலாம்.
ரப்பர் பூட்ஸ் லாரியில் வந்து இறங்கியபின்
ஒரு அடி விழுந்தாலே நிமிர்ந்து பார்ப்பேன்.

"ஒரு ஜோடி. கறுப்பு" என்றான்.
"எனக்குத்தான்."

முகத்தைக் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு
அளவுக் கட்டையை என் பக்கம் நீட்டினார் டர்க்கன்.

மண்டியிட்டேன்.
அவன் கழற்றியதைப் பூட்ஸ் என்றால்
பூட்ஸ் கோபித்துக்கொள்ளும்.
இடது, செத்துப்போன தபால்காரருடையது.
வலது, யாரோ கூலி கொடுக்காமல் விட்டுப்போனது.
லாட ஆணி பதினொன்று,
மிச்சமெல்லாம் சைக்கிள் டியூப்.
இருநூறு பேரின் பாதங்கள்
மர அச்சுகளாக அவன் சுவரில் தொங்குகின்றன.
அவன் காலுக்கு அச்சு கிடையாது.

"ஒன்பது" என்றேன்.
"வலது ஒன்பதரை" என்றான்.
"எல்லாருக்கும் ஒரு கால் பெரிதுதான்.
பெட்டிக்குத்தான் தெரியாது."

ஷூவை வாங்கி முகர்ந்தான்.
நகத்தால் தையலை வருடினான்,
அங்குலத்துக்கு எத்தனை என்று
உதடு மட்டும் அசைந்தது.
குறை சொல்வான் என்று காத்திருந்தேன்.
எனக்கு அது வேண்டியிருந்தது.
"நல்ல வேலை" என்றான்.

"சனிக்கிழமை கப்பல். கோவென்ட்ரி.
வேலை கேட்டு நின்றால் அங்கே
காலைத்தான் முதலில் பார்ப்பார்களாம்."

முப்பத்திரண்டு ஷில்லிங்.
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான்.
டர்க்கன் இரண்டைத் திருப்பித் தள்ளினார்.
அவன் அதே இரண்டை
மறுபடி இந்தப் பக்கம் தள்ளினான்.

ஜன்னல் வரை நடந்து பார்த்தான்.
கீச் கீச் என்றது புதுத் தோல்.
பூசையில் அந்தச் சத்தம் கேட்டால்
ஊரே திரும்பிப் பார்க்கும்.
அவனும் திரும்பியிருக்கிறான், ஞாயிறுதோறும்,
தன்னிடம் வராத ஒவ்வொரு ஜோடிக்கும்.

பழையதைத் தாளில் சுற்றவா என்றேன்.
கேட்காதவன் போல வாசல் வரை போய்விட்டு
திரும்பி வந்து
பட்டறைச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.
"மற்றதெல்லாம் யாருக்கு விறகானாலும் சரி.
மிஸஸ் லாவெல்லின் அச்சை மட்டும்
யாரும் பார்ப்பதற்குள் அடுப்பில் போடு."

அன்றிரவு போனேன்.
பெயர் எழுதியிருந்தது. விளக்கருகே பிடித்தேன்.
இடது காலில்,
சுண்டுவிரலுக்கும் அப்பால்,
இன்னொரு விரலுக்கு இடம் விட்டு
மெத்தென்று ஒரு தோல் துண்டு தைத்திருந்தான்.

மரம் சீக்கிரம் பிடித்துக்கொண்டது.
அந்தத் துண்டுதான்
விடியும்வரை புகைந்தது.