நாலு போல்ட்டு

வெட்டுமேசைக்கு நேர் மேலே
முதலில் ஒரு தேநீர்க் குவளையின் வட்டம்தான்.
மாசியில் அது தாம்பாளம்.
சித்திரையில்
ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைத் துணியில்
கழுத்துக்குக் குறித்திருந்த கோட்டின் மேலேயே சொட்டியது.
நூற்றிருபது வெள்ளி.
வாய் திறக்காமல் வேறு துணி எடுத்துக் கொடுத்தேன்.

ஆ கியோங்கிடம் திறந்தேன் வாயை.
பக்கத்துச் சாமான் கடை. நடுவில் ஒரே சுவர்.
அவன் மாடியில்தான் தண்ணீர்த் தொட்டி.
வேறு எங்கிருந்து வரும்?
எட்டு மாதம்.
ஒரு பொட்டலம் ஆணிக்குக்கூட
பஸ் ஏறி தெலுக் இந்தான் போய் வந்தேன்.

அப்பளசாமி வந்த காலையில்
செம்பனை ஆலையின் புகை
ஊத்தான் மெலிந்தாங் முழுக்கப் படுத்திருந்தது.
மேசைமேல் ஏறி நின்று
கறையோரம் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
"உப்பு. சிமெண்டு கரைஞ்சு இறங்குது."
சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்.
டங். டங். டங்.
டொக்.
அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட
என் தையல் சுண்ணாம்பைக் கேட்டார்.
நீலம்தான் இருந்தது.
"பூச்சு பிடி விட்டுருச்சு. உள்ள கம்பியில துரு."

"தொட்டிதானே?" என்றேன்.
"சொட்டுற இடம் வேற, நுழைஞ்ச இடம் வேறக்கா."

மாடியில் மைனாக் கூடு அடைத்திருந்த வடிகுழாயை
முதலில் தோண்டி எடுத்தார். வடிந்தும் ஒழுக்கு நிற்கவில்லை.
பிறகு சிமெண்டால் வரப்பு கட்டி
இரண்டு பாத்தி, இரண்டங்குலத் தண்ணீர்.
ஆ கியோங் பக்கத்தில் பச்சை. என் பக்கத்தில் சிவப்பு.
கேசரிக்குப் போடும் பொடிதான்.
அனுமதி கேட்க அவர்தான் போனார். நான் போகவில்லை.

இரவு முழுக்க
மேசையில் வெள்ளைக் காடாவை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
பச்சை வர வேண்டும்
என்று வேண்டிக்கொண்டேன், மறைப்பானேன்.

இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. நிறமில்லை.
பழைய தண்ணீராக இருக்கும்.
மூன்றரைக்கு இன்னொன்று, அதுவும் அப்படியே.
பள்ளிவாசலில் பாங்கு சொல்லச் சற்று முன்
ரோஜா நிறத்தில் விழுந்தது.
அதன்பின் விழுந்ததெல்லாம்
சந்தேகத்துக்கு இடமில்லாத சிவப்பு.

காலையில் தண்ணீரை வடியவிட்டு
பாத்தியின் மூலையில் குந்தினார்.
"இதை யாரு வெச்சது?"

அஸ்ட்ரோ தட்டு.
நான்தான் வைத்தேன், ஒன்பதரை மணி நாடகத்துக்காக.
சந்தாவை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.
தட்டு மட்டும் வானத்தைப் பார்த்து வாய் பிளந்தபடி,
காலில் துரு வழிய.
தளத்தைத் துளைத்து இறக்கிய நாலு போல்ட்டு.
அதன் வழியே நுழைந்த மழை
கான்கிரீட்டுக்குள் புதைத்த கரண்டுக் குழாயைப் பிடித்து
பன்னிரண்டு அடி நடந்திருக்கிறது,
என் மேசையைத் தேடி.

ஊசி போன ஓட்டையில் நூல் இல்லையென்றால் என்ன ஆகும்
என்று எனக்கா தெரியாது.

போல்ட்டுகளை அறுத்தெறிந்தார்.
கீழே டொக்கென்ற இடத்தைக் கொத்தி
கம்பியைப் பளபளக்கும்வரை தேய்த்து,
துரு மருந்து தடவி, கலவை வைத்து அடைத்தார்.
மேலே ஓட்டைகளை அடைத்து
வடிகுழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்தார்.
நாலு நாள் தார்ப்பாய்க்கடியில் காய்ச்சல்.
நாலு மணி மழை நாலு நாளும் தவறவில்லை.
பிறகு ஒரு பூச்சு, வலைத்துணி, மறுபடி பூச்சு.
துணியோடு துணி நாலு விரல் ஏறிப் படிய வேண்டும்,
சுவரிலும் ஒரு சாண் ஏற வேண்டும் என்றார்.
லைனிங் வைப்பதைப் பற்றி
என்னிடமே.

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
"மூணு மாசத்துக்குச் சாயம் அடிக்காதீங்க. உள்ள ஊறினது காயட்டும்."
கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து
தேதி போட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு மழைக்கும் மேசைமேல் ஏறிப் பார்க்கிறேன்.
கறை கோட்டுக்குள்தான் இருக்கிறது.
வாளியை இன்னும் எடுக்கவில்லை.

நேற்று ஆணி தீர்ந்தது. பஸ் நேரமும் தவறிவிட்டது.
ஆ கியோங் தலை நிமிராமல் நிறுத்துக் கட்டினான்.
"மாசே போச்சோர்?"
"சூடா தாக்," என்றேன்.
மன்னிப்புக்கு மலாயில் சொல் தெரியும்,
தமிழிலும் தெரியும்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
திரும்பி வந்தேன்.