ஏப்ரலில் தொடங்கும் ஆண்டு

ஞாயிற்றுச் சந்தையில், திரிஸ்தான் நார்வாஹா தெருவில்,
துருப்பிடித்த குழாய்களுக்கும் தலையில்லாப் பொம்மைகளுக்கும் நடுவே
கிடந்தது இந்தக் கடிகாரம்.
முன்பு கட்டியிருந்தவரின் மணிக்கட்டு வளைவு
பட்டையில் இன்னும் இருந்தது.
நான்கு ஜிபி, என்றான் விற்றவன்.
பாதியைக் கடிகாரமே தின்றுவிடும் என்பதைச்
சொல்லாமல் விட்டான்.

என்னிடம் இருப்பதோ பதினொரு வருடம்.

ஞாயிறு சாய்ந்தால் தார்தோ பியானோவைத் தோளில் மாட்டுவான்.
பெயர்தான் பியானோ;
மத்தளத்துக்குப் பெரியப்பன் முறை வேண்டும் ஒரு மேளம்.
தெருமுனையில் செய்தித்தாளைக் கொளுத்தித்
தோலுக்குச் சூடு காட்டுவார்கள்.
தோல் இறுகும் அந்த ‘டிக்’கூட என் கேசட்டில் உண்டு.
நான் பின்னாலேயே போவேன்,
ரெக்கார்டரை ஏந்தி,
கொதிக்கிற பாலைத் தூக்கிப் போகிறவளைப் போல.

பிரிந்தபோது பங்கு பிரிப்பது சுலபமாயிருந்தது.
மேளங்கள் அவனுக்கு.
சத்தம் எனக்கு.
வக்கீல் சில்வேரா சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

சார்ஜரில் படுத்திருக்கும்போது மட்டும் பாட்டு வாங்கும் இது,
தூக்கத்தில் மட்டும் வாய் திறக்கும் குழந்தை மாதிரி.
ஓர் இரவுக்கு ஒன்பது கோப்பு.
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுவிடும்.
எழுந்து போய், தட்டிக்கொடுத்து, மறுபடி முதலிலிருந்து.

எதை விடுவது?
தொண்ணூற்றெட்டை விட்டேன், முழுக்க மழை.
வங்கிகள் கதவடைத்த வருடத்தை வைத்துக்கொண்டேன்.
அந்த வருடம் அடித்தவர்கள் எல்லாரும்
அரை வயிற்றோடு அடித்தார்கள்.
கேட்டால் தெரியும்.
எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் கவனித்தேன்:
மாதங்களை இது அகரவரிசையில் அடுக்கியிருக்கிறது.
எங்கள் மொழியில் ஏப்ரல்தான் முதலில் வரும்.
அடுத்து ஆகஸ்ட். அங்கிருந்து ஒரே தாவாக டிசம்பர்.
பிப்ரவரி ஊர்வலம் முடிந்த பிறகு
ஜூலை ஒத்திகை.
கடைசியில் வந்து நிற்கிறது செப்டம்பர்,
பஸ்ஸைத் தவறவிட்டவள் போல.
நானும் தார்தோவும் சந்தித்தது ஒரு நவம்பரில்.
பிரிந்தது மார்ச்சில்.
கடிகாரத்தின் கணக்குப்படி
பிரிந்த பிறகு சந்தித்திருக்கிறோம்.
மாற்ற ஏதோ வழி இருக்கிறதாம், பக்கத்து வீட்டு எத்கார் சொன்னான்.
இருக்கட்டும்.

ஐந்தரைக்கு எனக்கு வண்டி,
நூற்றிருபத்தொன்றில் டிக்கெட் கிழிக்கும் வேலை.
அதற்கு முன் ஒரு மணி நேரம் ராம்ப்லா என்னுடையது.
போன் வீட்டில் தூங்குகிறது.
கடல் என்று எல்லாரும் சொல்லும் ஆறு
இருட்டில் கரையை உரசுகிறது.
காதுக்குள் சீக்கோ,
எங்கும் நிற்காத சின்ன மேளம், ஒரே அடி, ஒரே அடி;
அதன் மேல் ரெபீக்கே வம்புக்கு இழுக்கும்;
அடியில் எங்கோ
அவன்.

இன்று வந்தது ஒரு நவம்பர்.
இஸ்லா தே ஃப்ளோரெஸ் தெரு, நாய் குரைப்பு, யாரோ தும்முகிறார்கள்.
திடீரென்று என் குரல்:
"மெதுவாப் போங்களேன், மூச்சு வாங்குது!"
இருபத்தாறு வயசு மூச்சு.
வலது காதில் அது வாங்க
நெஞ்சுக்குள் ஐம்பத்து நாலு வயசு மூச்சும் வாங்க
எது எதுவென்று பிரித்தறிய முடியாமல்
நூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதியது கடிகாரம்.

அன்று அவர்கள் மெதுவாகப் போனார்கள்.
டேப்பில் கேட்கிறது.
பியானோ முதலில் தளர்கிறது, மற்றவை அப்புறம்.
இத்தனை வருடமும்
அவன் காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தேன்.

தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன்.
தூண்டில்காரர் ஒருவர் தன் மாத்தே குவளையை நீட்டினார்,
எதுவும் கேட்காமல்.
கசப்பு, நல்ல சூடு.

மணிக்கட்டு இருமுறை நடுங்கியது.
அசைவு இல்லை. பயிற்சி முடிந்ததா?

இல்லை என்பதைத் தொட்டேன்.
பாட்டில் இன்னும் நாலு நிமிடம் மீதி.