எண்ணூறு, முந்நூறு

வானகிரிக்குப் போகிற வழியில் எங்கள் குழி.
ஆறடிக்குக் கீழே உப்பு ஊற்று.
டீசல் மோட்டார் ஓயாமல் குடித்துத் துப்புகிறது.
ஓடுகளுக்கு எண் போடுகிற வேலை எனக்கு:
கறுப்பு சிவப்பு ஓடு, உறைகிணற்று வளையம்,
யாரோ தின்று போட்ட மீன்முள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
தரங்கம்பாடியில் பாடம் வாசிப்பேன்.
நகக்கண்ணில் மண் போகாது.
பக்கம் புரட்டும்போது
போதகர் கண்டும் காணாமல் இருப்பார்.

என் பெயர் எப்சிபா.
எருசலேமில் ஒரு ராணிக்கு இருந்த பெயர்.
அவள் புருஷன் எசேக்கியா
அசீரியனுக்குக் கப்பம் கட்டியதாக வேதம் சொல்கிறது:
பொன் முப்பது தாலந்து, வெள்ளி முந்நூறு.
ஆலயக் கதவில் பதித்த தங்கத்தையே
உரித்துக் கொடுத்தானாம்.
நினிவேக்காரன் களிமண்ணில் எழுதிவைத்த கணக்கிலும்
பொன் அதே முப்பது.
வெள்ளிதான் எண்ணூறு.

ஐந்நூறு தாலந்து எங்கே போச்சு?
கல்லூரியில் மூன்று பதில் சொன்னார்கள்:
தராசு வேறு,
எழுதியவன் கை தாராளம்,
மற்ற சாமான்களையும் வெள்ளி விலையில் சேர்த்திருப்பான்.
மூன்றையும் பரீட்சையில் எழுதினேன்,
ஒன்றையும் நம்பவில்லை.
எனக்குப் பிடித்தது அந்த முப்பதுதான்.
பகையாளிகள் ரெண்டு பேர்
ஒருவர் ஏட்டை ஒருவர் பார்க்காமல்
ஒத்துக்கொண்ட ஒரே எண்.

பட்டணத்தைப் பிடித்தேன் என்று அவன் எழுதவில்லை.
அடைத்துவைத்தேன் என்றுதான் எழுதினான்.
ஒரு ராஜா இவ்வளவு சுற்றி வளைத்துப் பேசினால்
ஊர் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.
கைக்கு வந்த லாகீசை
அரண்மனைச் சுவர் நெடுக வெட்டிவைத்தான்:
மூட்டை தூக்கிய பெண்கள்,
மாட்டுவண்டி மேல் பிள்ளைகள்.

அந்தக் களிமண்ணில் இன்னொரு வரி,
ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்காதது.
வெள்ளியோடு எசேக்கியாவின் மகள்களும் போனார்களாம்.
தாலந்தை எண்ணியவன்
மகள்களை எண்ணவில்லை.
எப்சிபா பெற்றதா,
வேறொருத்தி பெற்றதா,
அதுவும் இல்லை.

டிசம்பர் இருபத்தாறுக்கு நினைவுக்கல் வைக்க வேண்டும்.
இருபது வருஷமாக வைக்க வேண்டும்.
செயலாளர் ஞானாபரணம் ரெண்டு காகிதம் நீட்டினார்.
எங்கள் தெருவுக்கு
சபைப் பதிவேட்டில் முப்பத்தொன்று,
தாலுகா ஆபீஸ் பட்டியலில் இருபத்தேழு.
"தோண்டிப் பாக்குற ஆளு நீதான்.
எது சரின்னு ஒரு எண் சொல்லு."

ரெண்டிலும் இருப்பவர்கள் இருபத்துமூன்று பேர்.
பண்டிகைக்குத் தாய்வீடு வந்த மகளைச் சபை சேர்த்தது;
தாலுகா ரேஷன் கார்டைப் பார்த்தது.
ஞானஸ்நானத்துக்கு முன்னே போன பிள்ளை
சபையில் இல்லை.
தாலுகாவில் உண்டு:
ஆண் குழந்தை, ஒன்பது நாள்.

ரெண்டிலும் இல்லாதவள் ஒருத்தி.
கிறிஸ்துமசுக்கு வளையல் கடை போட வந்தவள்.
கோட்டைச் சுவரோரம் தார்ப்பாய் விரித்திருந்தாள்.
முதல் நாள் சாயங்காலம்
என் கையை அமுக்கிப் பிசைந்து
ரெண்டேநாலு சைஸ் என்றாள்.
பச்சை, அரை டஜன்.
ஐந்து ரூபாய் குறைந்தது,
காலையில் தருகிறேன் என்றேன்.
பெயர் கேட்கவில்லை.

நேற்று நாலாவது அடுக்கில் ஒரு வளையல் துண்டு.
சங்கு. உட்பக்கம் தேய்ந்து மழமழவென்று இருந்தது.
ஆழம், திசை, தேதி எழுதிப் பையில் போட்டேன்.
போட்டிருந்தவள் யார் என்று
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

கல்தச்சர் வைரக்கண்ணு நூல் பிடித்து அளக்கிறார்.
"எழுத்துக்குப் பதினாலு ரூவா. எத்தனை பேரு?"
ரெண்டு காகிதத்தையும் கொடுத்தேன்.
ரெண்டையும் வெட்டுங்கள், பக்கத்தில் பக்கத்தில்,
கூட்டல் போட வேண்டாம்.
கீழே ஒரு வரி சும்மா விடுங்கள்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.
"சும்மா வுடுற எடத்துக்கும் கல்லு வெல உண்டு, தெரியும்ல?"

என் கணக்கில் எழுதச் சொன்னேன்.