முதல் ஆர்டர்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மழை
படுக்கைவாட்டில் பெய்கிறது.
நள்ளிரவோடு தளத்தை மூடிவிடுவார்களாம்;
பதினோரு வருடக் கம்பளிநூல் கடையை
அட்டவணை அட்டவணையாக
இறக்கிக்கொண்டிருக்கிறாள் மார்யுன்.

பொருட்கள் வந்துவிட்டன. நிறங்களும்,
ஆட்டுக் கருப்பில் மட்டும் ஒன்பது வகை.
வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள்
ஆளுக்கொரு எண்ணோடு.
ஆர்டர்களின் முதல் வரியிலேயே
முரண்டு பிடித்தது தரவுத்தளம்:
வாங்கியவர் எண் ஒன்று.
அப்படி ஒருவர் இல்லை.

இல்லைதான்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்ட அன்று
ஃபோனிலிருந்தும் கடையிலிருந்தும்
அவளேதான் அழித்தாள் அவனை.
கடை திறந்த இரவு
கல்லா வேலை செய்கிறதா என்று பார்க்க
ஒரு குரோனாவுக்குச்
சாம்பல் நூற்கண்டு இரண்டு வாங்கி
போணி பண்ணியவன்.
குறிப்பில் ‘சோதனை’ என்று எழுதியிருந்தான்.

விதியைத் தளர்த்தலாம், ஒரே கட்டளை.
ஆர்டரையே தூக்கிவிடலாம்;
கணக்கு ஒரு குரோனா உதைக்கும்.

மணி பதினொன்று நாற்பது.
எண்: 1. பெயர்: ஹாய்னி.
முகவரி காலியாக இருக்கலாம்
என்கிறது அட்டவணை.
காலியாகவே விடுகிறாள்.

மற்ற ஆறாயிரம் ஆர்டர்களும்
அவன் பின்னால் வரிசையாக
உள்ளே வருகின்றன.