நீலப் போத்தல்

பகலில் எனக்குத் துருவோடு வேலை.
சட்பரியில் பாதி வருடம் வீதிக்கு உப்புப் போடுவார்கள்.
உப்புத் தின்ற வண்டிகளைத் தூக்கி நிறுத்தி
அடியில் நின்று எண்ணெய் விசிறுவேன்,
கழுத்துவரை கறுப்பாக.
நேற்று ஒரு மஸ்டா, பன்னிரண்டு வயது.
கதவுக்குக் கீழே அழுத்தினேன்,
விரல் உள்ளே போனது.
"உள்ளுக்குள்ள எரிஞ்சு முடிஞ்சுது" என்றார் மரியநாயகம்.
எரிவது என்றுதான் எப்போதும் சொல்வார்.
சரியான சொல்.

செவ்வாய் இரவு கல்லூரி.
பதினேழில் பாதியில் விட்ட இரசாயனத்தை
நாற்பத்து மூன்றில் திரும்ப எடுத்திருக்கிறேன்,
இந்த முறை முன்னால் ஓர் 'உயிர்' சேர்த்து.
லாத்தினென் ரீச்சர் பலகையில் காபனை வரைந்தார்:
ஓர் எழுத்து, அதைச் சுற்றி நாலு கோடு.
நாலு கை. ஒன்றும் சும்மா இராது.
ஐதரசனைப் பிடித்த கையில்
இலத்திரன்கள் காபன் பக்கம் சாய்ந்திருக்கும்.
ஒட்சிசனைப் பிடித்த கை
பிடித்தபடியே பறிகொடுக்கும்.
கொழுப்பு, அப்படிப் பார்த்தால், பணக்காரன்.
மூச்சில் போகிற காபனீரொட்சைட்டு
எல்லாம் கொடுத்து முடித்தவன்.

கொப்பியில் தமிழில் எழுதினேன்.
பழைய பாடப்புத்தகச் சொற்கள்
கூப்பிடாமலே வந்து நின்றன:
இலத்திரனை இழத்தல், ஒட்சியேற்றம்.
இலத்திரனைப் பெறுதல், தாழ்த்தல்.
பேனையை வைத்துவிட்டேன்.
இழந்தது ஏறுமா?
வாங்கியது தாழுமா?
இந்தப் பெயரை வைத்தவருக்கு
என் மச்சான் இராசநேசனைத் தெரியாது.
முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு
கல்கரிக்குப் போனவர்.
என் பங்கு மட்டும் பதினோராயிரம் டொலர்.
இந்தக் கணக்குப்படி
நான் எங்கேயோ உயரத்தில் நிற்கவேண்டும்.

பரிசோதனை மேசையில் எனக்குச் சோடி அர்மான்.
உருக்காலையில் வேலை போனபின் படிக்க வந்தவர்,
இன்னும் அதே இரும்பு மூக்குச் சப்பாத்து.
போத்தலில் தண்ணீர், காரம், குளுக்கோசு,
மெதிலீன் நீலம் ஐந்து துளி.
மூடிவைத்துவிட்டுப் பார்த்திருந்தோம்.
நீலம் வெளுத்து வெளுத்துப் பச்சைத் தண்ணீரானது.
அர்மான் குலுக்கினார்.
நீலம்!
வைத்தார், போனது.
குலுக்கினார், வந்தது.
"எத்தனை தரம் இப்படி?"
"சீனி இருக்கும்வரை" என்றார் ரீச்சர்,
அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டே.

போத்தலுக்குள் இருக்கும் காற்று
சாயத்திடமிருந்து பறிக்கிறது, நீலம்.
குளுக்கோசு சாயத்துக்குக் கொடுக்கிறது,
வாங்கியதும் சாயம் வெளுக்கிறது.
எல்லோரும் பார்ப்பது சாயத்தை.
செலவாகிறதை
யார் பார்த்தார்?

அடுத்த செவ்வாய் அந்தப் போத்தல்
ஜன்னலோரம் அப்படியே இருந்தது, தேத்தண்ணி நிறத்தில்.
அர்மான் குலுக்கினார், நானும் குலுக்கினேன்.
ஒன்றுமில்லை.
அவர் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு
நெடுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தார்.

வெளியே மைனஸ் இருபத்தேழு.
வாயைத் திறந்தால் வெண்புகை.
தெரிவது நீர் மட்டும்தான்.
மத்தியானம் தின்ற பாணின் காபன்
இரண்டு கையை ஓர் ஒட்சிசனுக்கும்
இரண்டு கையை இன்னொன்றுக்கும் கொடுத்துவிட்டுக்
கண்ணில் படாமல் போகிறது.
காபனுக்குக் கரி என்றும் பெயர்.
பழந்தமிழில் கரி என்றால் சாட்சி.
எங்கள் சீட்டுக்குக்
கரியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.
அவர் போன ஊரின் பெயரில் மட்டும்
ஒரு கரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடியில் பனி சுரண்டினேன்.
இரண்டாம் தரம் திருப்ப இயந்திரம் பிடித்தது.
பெற்றோல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக் கொடுத்து
என்னை வீடு சேர்த்தது.
சப்பாத்தைக் கழற்றும்போதுதான் போனைப் பார்த்தேன்:
தவறிய அழைப்பு ஒன்று,
கல்கரி இலக்கம்.
ஆறு வருடத்தில் முதல்தரம்.

போனை மேசையில் வைத்தேன்,
ஆடாமல்.
முதலில் இந்த நீலம் இறங்கட்டும்.